மேனேஜர் பதவி இல்லை, பி.எம்.பி. எழுதலாமா?

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து ஒன்பது வருஷம் ஆகிறது. கோவையில் பம்ப் ஹவுஸ், குடிநீர்க் குழாய் வேலைகளை எடுத்துச் செய்யும் கம்பெனி ஒன்றில் புராஜெக்ட் கோ-ஆர்டினேட்டராக இருக்கிறேன். ஷெட்யூல் போடுவது, பர்ச்சேஸைத் துரத்துவது, சப்-கான்ட்ராக்டரிடம் வேலை வாங்குவது, கிளையன்ட் மீட்டிங் எல்லாம் நான்தான். மேனேஜர் என்ற பெயர் மட்டும் இன்னொருவருக்கு. புராஜெக்ட் மேனேஜர்களுக்கான சான்றிதழ்த் தேர்வான பி.எம்.பி.யை நான் எழுத முடியுமா, அதன் தொடக்கநிலைத் தேர்வான சி.ஏ.பி.எம். தான் எழுத வேண்டுமா? ‘நூறு சதவீதம் பாஸ்’ என்று சொல்லும் ஒரு பயிற்சி மையம் 60,000 ரூபாய் கேட்கிறது. பி.எம்.போக் என்ற வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்தால் தலைகால் புரியவில்லை. மாதிரித் தேர்வில் 55 சதவீதத்தைத் தாண்ட முடியவில்லை. வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்யும் அஜைல் முறையின் பக்கமே போனதில்லை. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். இவ்வளவு பாடுபட்டுப் பாஸானால் பதவி உயருமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் தாராளமாக பி.எம்.பி. எழுதலாம். இந்தத் தேர்வை நடத்தும் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் என்ற பி.எம்.ஐ. அமைப்பு உங்கள் விசிட்டிங் கார்டில் என்ன பதவி அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. புராஜெக்டை முன்னின்று நடத்தினீர்களா என்றுதான் கேட்கிறது. நான்கு வருஷப் பட்டம் பெற்றவர்களுக்கு 36 மாத அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். பாலிடெக்னிக் டிப்ளமோ படித்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல் அனுபவம் வேண்டும். கடந்த எட்டு வருஷத்துக்குள் செய்த வேலைதான் கணக்கு என்பது நீண்ட நாளாக இருந்த விதி. இந்த விதிகளை பி.எம்.ஐ. அவ்வப்போது திருத்தும் என்பதால், விண்ணப்பம் போடும் வாரத்தில் அவர்களுடைய ஹேண்ட்புக்கை இறக்கி ஒருமுறை படித்துவிடுங்கள்.

சி.ஏ.பி.எம். அனுபவம் இல்லாதவர்களுக்கான தேர்வு. படிப்பை முடித்து வேலை தேடும் பிள்ளைகளுக்கு நல்லது. ஒன்பது வருஷம் சைட்டில் நின்ற உங்களுக்கு அதில் பணமும் நேரமும் வீண்.

விண்ணப்பத்தில் ஒரு விஷயத்தைக் கவனமாகச் செய்யுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு புராஜெக்ட் பார்த்திருந்தால் அந்த மாதங்கள் ஒருமுறைதான் கணக்கில் வரும். 2022 ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு பம்ப் ஹவுஸும் அதே ஆறு மாதம் ஒரு குழாய் வேலையும் பார்த்திருந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஆறு மாதம்தான், பன்னிரண்டு அல்ல. அதனால் ஒரு நோட்டில் மாதவாரியாக எழுதிக்கொண்டு, ஒன்றன் மேல் ஒன்று விழும் மாதங்களை ஒருமுறை மட்டும் வைத்துக் கூட்டுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு புராஜெக்டுக்கும் சுருக்கமான விவரம் எழுத வேண்டும். இங்கேதான் நம் ஊர் ஆட்கள் தடுமாறுகிறார்கள். ‘சைட் வேலைகளைக் கண்காணித்தேன், மெட்டீரியல் ஏற்பாடு செய்தேன்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு சூப்பர்வைசர்தான் தெரிவார். நீங்கள் உண்மையில் செய்ததை முழுமையாக எழுதுங்கள். எதற்காக அந்த வேலை, எவ்வளவு பட்ஜெட், எத்தனை மாதம், வேலையின் எல்லையைக் கிளையன்ட்டோடு பேசி முடிவு செய்தது யார், ஷெட்யூலைப் போட்டது யார், எந்தச் சிக்கல் வரும் என்று முன்னதாக யோசித்து என்ன ஏற்பாடு செய்தீர்கள், கடைசியில் எப்படி ஒப்படைத்தீர்கள். இத்தனையும் நீங்கள் செய்ததுதான். ‘நாங்கள்’ என்று எழுதிப் பழகிய கை அது. இந்த ஒரு இடத்தில் ‘நான்’ என்று எழுதுங்கள். செய்யாத ஒன்றைச் சேர்க்கவும் வேண்டாம். சில விண்ணப்பங்களைக் குலுக்கல் போல எடுத்துத் தணிக்கை செய்கிறார்கள். அப்போது நீங்கள் சொன்னது சரி என்று உங்கள் மேனேஜரோ அந்த வேலையை நன்றாக அறிந்த ஒருவரோ உறுதி செய்ய வேண்டியிருக்கும். அதனால் மேனேஜரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். விண்ணப்பம் தணிக்கைக்குப் போன பிறகு போய் நின்றால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

சரி, அந்த 60,000 ரூபாய். பாஸ் மார்க் எவ்வளவு என்று பி.எம்.ஐ. வெளியிடுவதே இல்லை. தேர்வு முடிந்ததும் பாஸா இல்லையா என்பதும், ஒவ்வொரு பகுதியிலும் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதும் மட்டும்தான் வரும். நிலைமை இப்படி இருக்க நூறு சதவீதம் என்று எந்த மையமும் வாக்குக் கொடுக்க முடியாது. இன்னும் ஒன்று. தேர்வில் வந்த கேள்விகளே கிடைக்கும் என்று யாராவது காதோடு சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை என்ற நான்கும் பி.எம்.ஐ.யின் நெறிமுறைக் கோட்பாட்டில் உள்ளவை. அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் விண்ணப்பமே போடுகிறீர்கள்.

35 மணி நேரச் சான்றிதழை யூடெமி போன்ற தளங்களில் குறைந்த செலவில் வாங்கிவிடலாம். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால்தான் மண்டையில் ஏறும் என்றால் நேரடி வகுப்புக்குப் போங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் ஸ்லைடைப் படித்துக்காட்டுகிறாரா, ஒரு கேள்வியை எடுத்து மற்ற மூன்று விடை ஏன் தவறு என்று பேசுகிறாரா என்று கவனியுங்கள். இரண்டாவது ரகமாக இருந்தால் காசு கொடுக்கலாம். மீதிப் பணத்தை பி.எம்.ஐ. உறுப்பினர் கட்டணத்துக்கும் ஸ்டடி ஹால் என்ற அவர்களுடைய சொந்த மாதிரித் தேர்வுத் தொகுப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினரானால் தேர்வுக் கட்டணம் குறையும், பி.எம்.போக் மின்நூலும் கிடைக்கும்.

பி.எம்.போக் புரியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அது பாடப்புத்தகமாக எழுதப்பட்டதே இல்லை. 2017-இல் வந்த ஆறாம் பதிப்பில் 49 பிராசஸ்கள், அதாவது வேலைப் படிகள், ஒவ்வொன்றுக்கும் உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன என்ற பட்டியல்கள். 2021-இல் வந்த ஏழாம் பதிப்பு அதை அப்படியே மாற்றி, 12 கொள்கைகள், 8 செயல்பாட்டுக் களங்கள் என்று வேறு வடிவத்தில் வந்தது. அட்டை முதல் அட்டை வரை படித்து உருப்போட முயன்றால் யாருக்கும் தலைசுற்றும். சந்தேகம் வரும்போது புரட்டுவதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தை நீங்கள் முடித்துக்கொடுத்த ஒரு புராஜெக்டிலிருந்து தொடங்குங்கள். நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயமே இதுதான்.

உங்கள் ஊர் வேலையையே எடுப்போம். ஒரு பம்ப் ஹவுஸ். தோண்டி, ஃபவுண்டேஷன் கான்கிரீட் போட 13 நாள், கான்கிரீட்டை நனைத்து இறுக விடும் க்யூரிங் 14 நாள், ஆக சிவில் வேலை 27 நாள். இன்னொரு பக்கம் பம்ப். கிளையன்ட் டிராயிங்கில் கையெழுத்துப் போட 7 நாள், அதன் பிறகு பம்ப் தயாராகி சைட்டுக்கு வர 42 நாள், ஆக 49 நாள். இரண்டும் முடிந்த பிறகு பம்பை உட்காரவைத்து அலைன்மென்ட் 5 நாள், பைப்பிங் 8 நாள், ட்ரையல் ரன் 3 நாள். நீளமான பக்கத்தின் 49 நாளோடு இந்த 16 நாளும் சேர்ந்து மொத்தம் 65 நாள்.

இதில் கிரிட்டிக்கல் பாத், அதாவது முடியும் தேதியைத் தீர்மானிக்கும் மிக நீளமான பாதை எது? டிராயிங் அப்ரூவலில் தொடங்கி பம்ப் வழியாகப் போகும் பாதை. சிவில் பக்கம் 22 நாள் ஃப்ளோட், அதாவது தாமதிக்க இடம், இருக்கிறது. மேஸ்திரி பத்து நாள் தாமதித்தாலும் ஒப்படைக்கும் தேதி நகராது. அப்ரூவல் பத்து நாள் தாமதித்தால் 65 என்பது 75 ஆகிவிடும். ஆனால் சைட்டில் நடப்பது என்ன? தினமும் காலையில் போனை எடுத்து எல்லோரும் மேஸ்திரியைத் திட்டுவார்கள், ஏனென்றால் அவர் கண்ணெதிரே இருக்கிறார். கிளையன்ட் ஆபீஸில் மேஜையில் கிடக்கும் டிராயிங்கைக் கேட்க ஆள் போகாது. இந்தக் கணக்கை உங்கள் கையால் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஃப்ளோட் என்ற பாடம் அதன் பிறகு மறக்கவே மறக்காது. தேர்வுக்கு மட்டுமில்லாமல் அடுத்த திங்கட்கிழமை யாருக்கு முதல் போன் போட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முடிந்த வேலையின் மதிப்பைத் திட்டத்தோடும் செலவோடும் ஒப்பிடும் ஏர்ன்ட் வேல்யூ கணக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. அதையும் இப்படியே பார்க்கலாம். பட்ஜெட் 40 லட்சம். ஐந்தாம் மாத முடிவில் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும், அதாவது 20 லட்சத்துக்கான வேலை. சைட்டை அளந்து பார்த்தால் 40 சதவீதம்தான் முடிந்திருக்கிறது. 16 லட்சத்துக்கான வேலை. செலவோ 18 லட்சம் ஆகியிருக்கிறது. 16-ஐ 20-ஆல் வகுத்தால் 0.8, ஷெட்யூலில் பின்தங்கியிருக்கிறீர்கள். 16-ஐ 18-ஆல் வகுத்தால் 0.89, போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 89 காசு வேலைதான் கிடைத்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் மொத்தச் செலவு 45 லட்சத்தில் போய் நிற்கும். அக்கவுன்ட்ஸ் ஆட்கள் ‘20 லட்சம் ஒதுக்கினோம், 18 தான் செலவாகியிருக்கிறது, இரண்டு லட்சம் மிச்சம்’ என்று சந்தோஷப்படுகிற அதே நாளில் உங்களுக்கு ஐந்து லட்சம் ஓட்டை தெரிகிறது. இந்த வித்தியாசத்தை உணர்ந்தால் ஃபார்முலாவை மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது. தேர்விலும் கணக்குகள் அதிகம் வருவதில்லை. எண்ணைக் கொடுத்து, இதற்கு என்ன அர்த்தம், அடுத்து என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

இனி அந்த 55 சதவீதம். உங்கள் அனுபவத்தில் இருக்கிறவர்கள் இந்த இடத்தில் சிக்குவதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை. சைட் பழக்கத்தில் விடை எழுதுகிறீர்கள். ஒரு கேள்வி இப்படி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளையன்ட்டின் என்ஜினியர் சைட்டுக்கு வந்து, குழாய்ப் பாதையை இரண்டு மீட்டர் தள்ளிப் போடச் சொல்கிறார். புராஜெக்ட் மேனேஜர் முதலில் என்ன செய்ய வேண்டும்? கிளையன்ட் திருப்திதான் முக்கியம், உடனே மாற்று என்று ஒரு விடை. ஒப்பந்தத்தில் இல்லை, முடியாது என்று சொல் என்று ஒரு விடை. மேலதிகாரியிடம் கொண்டுபோ என்று ஒரு விடை. இந்த மாற்றத்தால் செலவும் நாளும் எவ்வளவு கூடும், வேறு எதைப் பாதிக்கும் என்று ஆராய்ந்து பார் என்று ஒரு விடை.

சைட்டில் நாம் முதலாவதைச் செய்வோம், பில் போடும்போது சண்டை போடுவோம். தேர்வு எதிர்பார்ப்பது நான்காவது. ஆராய்ந்த பிறகு சேஞ்ச் ரிக்வெஸ்ட் எழுதி, அதை ஏற்கும் அதிகாரம் உள்ளவர்களிடம் கொண்டுபோய், ஒப்புதல் வந்ததும் பிளானைத் திருத்தி, அதற்கப்புறம்தான் குழாய் நகரும். மேலதிகாரியிடம் போவதும் தவறு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. உங்கள் அதிகாரத்தை மீறிய விஷயமானால் போகத்தான் வேண்டும். ஆனால் ‘முதலில்’ என்று கேட்டால் அது விடை ஆகாது. உங்கள் கையில் இருக்கும் வேலையை நீங்கள் செய்யாமல் மேலே தள்ளுவதை இந்தத் தேர்வு விரும்புவதில்லை. இரண்டு சப்-கான்ட்ராக்டர் சூப்பர்வைசர்களுக்குள் தகராறு என்றாலும் அப்படித்தான். முதலில் இருவரிடமும் பேசி, பிரச்சினை என்ன என்று நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே இனி மாதிரித் தேர்வு எழுதும் எண்ணிக்கையைக் குறையுங்கள். எழுதியதைத் திருப்பிப் பார்க்கும் நேரத்தைக் கூட்டுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். பாடம் தெரியாமல் தவறியதா, ‘முதலில்’, ‘அடுத்து’, ‘தவிர’ போன்ற சொல்லைப் பார்க்காமல் தவறியதா, சைட் பழக்கத்தில் தவறியதா. முதல் வகைக்குப் படிக்க வேண்டும். இரண்டாம் வகைக்குக் கடைசி வரியை முதலில் வாசிக்கும் பழக்கம் போதும். மூன்றாம் வகைதான் உங்களிடம் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றை மட்டும் தனி நோட்டில் எழுதி, சரியான விடை ஏன் சரி என்று உங்கள் சொந்த வார்த்தையில், தமிழிலேயே, ஒரு வரி எழுதுங்கள். ஸ்டடி ஹாலில் 70-ஐத் தாண்டி நிலையாக நிற்க ஆரம்பித்தால் தேதி போடலாம் என்பது என் அபிப்பிராயம்.

அஜைல் தெரியாது என்பதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021 ஜனவரியில் வந்த பாடத்திட்டத்தில் கேள்விகளில் ஏறக்குறைய பாதி அஜைல் முறையையோ, அதையும் பழைய திட்டமிட்ட முறையையும் கலந்த ஹைப்ரிட் முறையையோ சேர்ந்தவை. கட்டுமானத் துறையில் இருக்கிறேன், அது ஐ.டி. ஆட்களுக்கு என்று ஒதுக்கினால் பாதித் தேர்வை விட்டுக்கொடுத்த மாதிரி. ஆனால் படிக்க வேண்டியது மலைபோல் இல்லை. 2001-இல் 17 பேர் சேர்ந்து எழுதிய அஜைல் மேனிஃபெஸ்டோ ஒரு பக்கம்தான். அஜைல் வகைகளில் ஒன்றான ஸ்க்ரமுக்கான ஸ்க்ரம் கைடு இலவசமாகக் கிடைக்கிறது, ஒரே அமர்வில் படித்துவிடலாம். அப்புறம் பி.எம்.ஐ.யின் அஜைல் பிராக்டிஸ் கைடு. படிக்கும்போது அதே குழாய்க் கேள்வியை மறுபடி யோசியுங்கள். ஸ்க்ரம் முறையில் ஒரு மொபைல் ஆப் செய்கிறார்கள், கிளையன்ட் புதிதாக ஒன்று கேட்கிறார். இங்கே மாற்றம் எதிர்பார்த்த ஒன்று. அது செய்ய வேண்டியவற்றின் பட்டியலான பேக்லாக்கில் சேரும், எதற்கு முன்னால் எது என்பதை அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பான புராடக்ட் ஓனர் முடிவு செய்வார். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்ப்ரின்ட் என்ற குறுகிய வேலைச் சுற்றின் நடுவில் டீமிடம் திணிக்க மாட்டார்கள். கேள்வியில் எந்தச் சூழல் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. அது தெரிந்துவிட்டால் விடை தானாக வரும்.

மதிப்பெண் பங்கீடும் மாறிக்கொண்டிருக்கிறது. 2021 பாடத்திட்டத்தில் மனிதர்கள் 42 சதவீதம், பிராசஸ் 50, பிசினஸ் சூழல் 8. 2026-க்கான புதிய பாடத்திட்டத்தில் பிசினஸ் சூழலின் பங்கு நன்றாகக் கூடுகிறது. பழைய பயிற்சிப் புத்தகத்தை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும், நீங்கள் எழுதப்போகும் நாளின் எக்ஸாம் கன்டென்ட் அவுட்லைன் என்ற பி.எம்.ஐ. பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே படியுங்கள்.

நேரம் பற்றி. தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் நான்கைந்து மாதத்தில் தயாராகிவிடலாம். பிள்ளைகள் எழும் முன்பா, தூங்கிய பின்பா என்பதை உங்கள் உடம்பு சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வீட்டில் யாரிடமாவது பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு மூன்று, நான்கு மணி நேரம் தொடர்ச்சியாக வேண்டும். இதை நீங்களாகச் சமாளித்துக்கொள்வேன் என்று நினைக்காதீர்கள், வீட்டில் உட்கார்ந்து பேசித் தேதி வரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். 2021 முறைப்படி 230 நிமிஷத்தில் 180 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிஷம்தான். அறுபது கேள்விக்கு ஒருமுறை பத்து நிமிஷ இடைவேளை உண்டு. இடைவேளைக்குப் போய்விட்டால் முந்தைய அறுபதுக்குத் திரும்ப முடியாது. அவ்வளவு நேரம் ஆங்கிலத்தில் தொடர்ந்து வாசிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. கடைசி மாதத்தில் இரண்டு முழு நீளத் தேர்வாவது எழுந்திருக்காமல் எழுதிப் பாருங்கள். வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதும் வசதி இருக்கிறது, ஆனால் உங்கள் வீட்டுக்கு அது சரிவராது. நடுவில் ஒரு பிள்ளை கதவைத் திறந்து உள்ளே வந்தால் தேர்வையே நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. பியர்சன் வியூ தேர்வு மையத்துக்கே போங்கள்.

கடைசிக் கேள்வி, பதவி உயருமா. உங்கள் கம்பெனியில் சான்றிதழைக் காட்டியதும் யாரும் நாற்காலியை மாற்றிப் போட மாட்டார்கள். வெளியே நிலைமை வேறு. வளைகுடா நாடுகளின் கட்டுமான வேலைகளுக்கும், பெரிய கன்சல்டன்சிகளுக்கும் வரும் விளம்பரங்களில் பி.எம்.பி. இருந்தால் நல்லது என்றோ கட்டாயம் என்றோ கேட்கிறார்கள். அங்கே உங்கள் ரெஸ்யூமே முதல் சல்லடையில் நிற்கும். இன்டர்வியூவில் நிற்பது நீங்கள் நடத்திய பம்ப் ஹவுஸ்களைப் பற்றி எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விண்ணப்பத்துக்காக எழுதும் புராஜெக்ட் விவரங்களே அதற்கும் உதவும், நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளேயும் ஒரு வழி இருக்கிறது. தணிக்கை விஷயமாக மேனேஜரிடம் பேசப் போகிறீர்கள் அல்லவா, அப்போதே அடுத்து வரும் வேலைகளில் ஒன்றைப் பட்ஜெட், பில் உள்பட முழுப் பொறுப்பாக உங்கள் பெயரில் கேளுங்கள். அதற்கு மாதாமாதம் ஒரு பக்க ரிப்போர்ட், மேலே சொன்ன ஏர்ன்ட் வேல்யூ கணக்கோடு, நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். அவர் ஒத்துக்கொண்டால் அந்த மாதங்களும் அனுபவக் கணக்கில் சேரும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வெளியே விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம், உங்களிடம் அதற்கான தகுதி இப்போதே இருக்கிறது.